லொறியின் கழுத்துக்கு இரங்கிய கதை

பிள்ளையள், இரணைமடுக் குளத்துக்குக் கடல் வள்ளம் வந்தது எப்படி என்று வட்டக்கச்சியில் யாரையும் கேட்டுப்பாருங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவார்கள். யார் சொன்னாலும், சொல்லுகிறவர்தான் அதைக் கொண்டுவந்திருப்பார். நான் நடந்ததை எழுதுகிறேன். இதில் பிழை விட்ட இடங்களில் நானும் நின்றேன், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து வேதக்கார மீனவர் ஒருவர் ஒவ்வொரு அரிவுவெட்டுக்கும் கருவாட்டுக் கடகத்தோடு எங்கள் வளவுக்கு வருவார். கருவாட்டைத் தந்து நெல்லை வாங்கிப் போவார். என்னைவிட மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். வாடைக்காற்று எழும்பினால் அவருடைய கரையில் மூன்று மாதத்துக்கு வள்ளம் இறக்க முடியாது. ஒரு வருடம் அந்த மூன்று மாதத்துக்குள், கடகம் இல்லாமல், வெறுங்கையோடு வந்து நின்றார். வயலில் புல்லுப் பிடுங்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். பிடுங்கவும் செய்தார். மத்தியானத்துக்குள் புல்லோடு சேர்த்துக் கொஞ்ச நெல்லையும் பிடுங்கிவிட்டார். உங்கட அம்மா போட்ட சோற்றில் பாதியை இலையில் சுற்றி மடியில் வைத்தார்.

"வீட்டில நாலு சின்னனுகள் தம்பி. வள்ளம் கரையில கவிண்டு கிடக்கு. அதோட சேர்ந்து நாங்களும் கவிண்டு கிடக்கிறம்."

எனக்கு மனது கேட்கவில்லை. "கடல்தானே அண்ணை மூடிக் கிடக்கு, குளம் திறந்துதானே கிடக்கு? வாற வாடைக்கு முந்தி உங்கட வள்ளத்தை இரணைமடுவில இறக்கித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகுதான் எதில் கொண்டுவருவது என்று யோசித்தேன்.

கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் பின்னால் பாலை மரத்தடியில் ஒரு றெயிலர் கிடந்தது. முந்தி இந்தப் பக்கம் வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர், குளத்தில் தாராப் பறவை சுடப் போகும்போது தன்னுடைய சின்னப் படகை அதில் ஏற்றி ஜீப்பில் இழுத்துக்கொண்டு போவாராம். அவர் சீமைக்குப் போய்விட்டார். படகு எங்கே போனதோ தெரியாது. றெயிலர் மட்டும் கறள் பிடித்து, இரண்டு சில்லும் மண்ணில் புதைந்து, நடுவில் கோழி அடை கிடக்கத் தோதாகக் கிடந்தது. பல வருடமாக யாரும் தேடாத சாமான். நான் கேட்ட அன்று பின்னேரமே அதற்கு ஏழு சொந்தக்காரர் வந்தார்கள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு கமிட்டி அமைத்து, என்னை எட்டாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை செய்ய ஒருவர் வேண்டும்தானே.

கறளைச் சுரண்டவே எனக்கு நாலு நாள் எடுத்தது. ஒடிந்த வில்லுத்தகட்டையும் வளைந்த அச்சையும் கழற்றிக் கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்தினேன். சில்லுகளுக்குக் கிறீஸ் வைத்தேன். ரயர் இரண்டுக்கும் பழைய லொறி ரயரை வெட்டி உள்ளே ஒட்டுப் போட்டேன். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் றோட்டில் போனால் பொலிஸ் மறிக்கும் என்றார்கள். உங்கட அம்மாவின் சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்து அரிக்கன் லாம்பில் சுற்றிக் கட்டினேன். பொலிஸ் மறிக்கவில்லை, உங்கட அம்மாதான் மறித்தா.

கமிட்டியும் சும்மா இருக்கவில்லை. நிறம் என்ன அடிப்பது என்று இரண்டு கூட்டம் கூடினார்கள். பச்சை என்றார்கள் பாதிப்பேர், நீலம் என்றார்கள் மீதிப்பேர். கடைசியில் சங்கத்தில் இருந்த மஞ்சள் பெயின்ற் அடிக்கப்பட்டது. அச்சை எங்கே பூட்டுவது என்ற விசயம் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

அதுதான் நான் சொல்லவந்த இடம். நாங்கள் எல்லோரும் வண்டில்காரர். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி எடுத்து வந்தபோது சட்டி பானையோடு மாட்டையும் வண்டிலையும் கொண்டுவந்தவர்கள். வண்டிலில் நெல் ஏற்றினால், மாட்டின் கழுத்தில் பாரம் விழாதபடி மூட்டையைப் பின்னுக்குத் தள்ளி வைப்போம். இது எங்களுக்குப் பால்குடியில் இருந்தே தெரிந்த விசயம். நான் றெயிலரைப் பார்த்தேன். அந்த வெள்ளைக்காரர் அச்சைப் பின்னுக்குப் பூட்டியிருந்தார். பாரமெல்லாம் முன்னுக்கு, இழுக்கிற பக்கத்தில்தான் விழும்.

"பாவி மனிசன்," என்றார் கமிட்டித் தலைவர். "மாடு வளர்த்தறியாதவன் செய்த வேலை."

அச்சை ஒரு முழம் முன்னுக்கு நகர்த்திப் பூட்டலாம் என்று சொன்னவன் நான். எல்லோரும் தலையாட்டினார்கள். மூலையில் நின்ற சங்கத்து லொறி றைவர் மட்டும் வாய் திறந்தார்.

"முன்பாரம் இல்லாட்டி இது வாலாட்டும், ஐயா."

தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீர் எப்பவாவது மாடு கட்டினனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப கேட்டுக்கொண்டு நில்லும்."

இருந்தாலும் பரீட்சை பார்க்காமல் விடக்கூடாது என்று முடிவாயிற்று. லொறி அன்று இல்லை. ஆகவே றெயிலரில் நெல் மூட்டை ஏற்றி, முன்தண்டை நுகத்தில் கட்டி, என்னுடைய இரண்டு எருதுகளையும் பூட்டினோம். எருதுகள் கழுத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி வாய்க்கால் றோட்டில் துள்ளிக்கொண்டு போயின. கமிட்டி கைதட்டியது. ஒரு லொறிக்குத் தேவையான சகல பரீட்சையிலும் அந்த இரண்டு எருதுகளும் சித்தியடைந்துவிட்டன.

சங்கத்து லொறி முல்லைத்தீவுக்கு நெல் கொண்டுபோன நாளில் றெயிலரைப் பின்னால் கொழுவிக்கொண்டு போனோம். றைவருக்குப் பக்கத்தில் தலைவர், பின்னால் மூட்டைக்கு மேல் நான். கரையில் மீனவர் குடும்பத்தோடு காத்து நின்றார். வானம் ஏற்கெனவே கறுத்திருந்தது. பத்துப் பேர் கூடி வள்ளத்தைத் தூக்கி ஏற்றினார்கள். வலை, நங்கூரம், துடுப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் வள்ளத்தின் பின்பக்கத்தில் வைக்கச் சொன்னேன். லொறிக்குப் பாரம் குறையட்டுமே!

அவருடைய மனுசி வள்ளத்தைத் தொட்டுக்கொண்டு நின்றா. "தம்பி, எங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான். பத்திரம்."

"ஓம் அக்கா, யோசியாதேங்கோ. எல்லாம் பரீட்சை பார்த்துத்தான் செய்தனாங்கள்."

முள்ளியவளை தாண்டும்வரை ஒன்றுமில்லை. காட்டு றோட்டில் லொறி கொஞ்சம் வேகம் பிடித்ததும் றெயிலர் தலையாட்டத் தொடங்கியது. முதலில் மெல்ல, பிறகு நன்றாக. வள்ளத்தின் மூக்கு ஒருக்கால் இடப்பக்கக் காட்டைப் பார்த்தது, ஒருக்கால் வலப்பக்கக் காட்டைப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த மீனவர் எழும்பிச் சிலுவை போட்டார். லொறியின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வள்ளத்தையே பார்த்து நின்றார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

றைவர் கெட்டிக்காரன். சடாரென்று பிறேக் பிடிக்காமல் மெல்ல மெல்லக் குறைத்தார். அப்படியும் றெயிலர் ஒரு சுழற்று சுழற்றிப் பள்ளத்தில் இறங்கி, வள்ளத்தைப் பற்றைக்குள் சரித்துக்கொண்டு நின்றது. கட்டிய கயிறு அறவில்லை. மீனவர் குதித்து ஓடி, ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் தோல் உரிந்த மாதிரி இருந்தது. பலகை உடையவில்லை.

தலைவர் இறங்கிவந்து றோட்டைக் குற்றம் சொன்னார், றைவரைக் குற்றம் சொன்னார், வெளிக்கிட்ட நேரத்தையும் குற்றம் சொன்னார். மீனவர் குனிந்து அடியைப் பார்த்தார்.

"இந்த அச்சை இதில பூட்டச் சொன்னது ஆர்?"

"அது கமிட்டித் தீர்மானம்," என்றார் தலைவர்.

நானும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் ஒரு நிமிடம் நின்றேன். பிள்ளையளுக்குப் பொய் எழுதக்கூடாது. பிறகு சொன்னேன், "நான்தான் அண்ணை. நான்தான் அளந்து பூட்டினனான். இழுக்கிறதுக்குக் கழுத்து நோகக்கூடாது எண்டு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு லொறியைப் பார்த்தார். றைவர் லொறியின் முகத்தில் தட்டிக்கொடுத்தார்.

"நோகேல்லையாம் அண்ணை. நல்ல சுகமா இருக்குதாம்."

மீனவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழை தூறத் தொடங்கியது. அந்த வழியால் வந்த வண்டில்காரர் சிலரைக் கைகாட்டி மறித்து, அவர்களின் உதவியோடு வள்ளத்தை இறக்கினோம். லொறியில் இருந்த ஜாக்கியையும் நட்டுக் கழற்றும் சாவியையும் வைத்து, றைவரும் மீனவரும் நானும் அச்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிப் பூட்டினோம். தலைவர் குடை பிடித்தார், தனக்கு. வள்ளத்தைத் திரும்ப ஏற்றிய பிறகு மீனவர் வலையையும் நங்கூரத்தையும் தானே தூக்கிவந்து முன்பக்கத்தில் வைத்தார். மாங்குளம் வரையும், அங்கிருந்து குளத்தடி வரையும், றெயிலர் ஒருக்காலும் ஆடவில்லை. மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில் தலைவர், முன்பாரத்தின் அவசியத்தைப் பற்றிக் கமிட்டி கண்டுபிடித்ததை விளக்கிக்கொண்டிருந்தார். றைவர் பக்கத்தில் இருந்து பணிஸ் தின்றார்.

குளத்தில் இறக்கினதும் வள்ளத்துக்குள் தண்ணீர் ஊறியது. ஊரே அணைக்கட்டில் நின்றது. "தாழுது! தாழுது!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உப்புத் தண்ணீர் பழகின மரம் நல்ல தண்ணீரில் மிதக்காது என்று ஒருவர் விஞ்ஞானம் சொன்னார். மீனவர் கரையில் குந்தியிருந்து வெற்றிலை போட்டார். "கன நாள் வெய்யிலில காய்ஞ்சது. பலகை ஊதி இடைவெளி மூடட்டும்," என்றார். இரண்டு நாள் அப்படியே ஊறவிட்டார். மூன்றாம் நாள் காலையில் தண்ணீரை இறைத்தார். பிறகு ஒரு சொட்டு ஏறவில்லை. மத்தியானம் விராலும் யப்பான் மீனுமாகக் கரைக்கு வந்தார்.

அந்தக் கிழமையே மனுசியும் நாலு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அணைக்கட்டுக்குக் கீழே ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள். வெளியில் கடல் எப்படி அடித்ததோ, அந்த வாடையில் அவர்களுக்கு அது தெரியாது.

மார்கழி மழையில் ஒருநாள் நான் அந்தப் பக்கம் போனபோது சாப்பாட்டு நேரம். கடைசிப் பிள்ளை கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது.

"இண்டைக்கும் மீனோ?"

தாய் கையை ஓங்கினா. தகப்பன் மறித்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டீங்களே தம்பி, துரைக்கு மீன் அலுத்துப்போச்சாம்," என்று என்னிடம் சொன்னார். ஏதோ பெரிய பரிசு கிடைத்த மாதிரி, அதை இன்னொருக்காலும் சொன்னார்.