வாத்துக்குத் தாங்காத சோளம்

அந்தக் கோழிப்பண்ணைக்காரருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் கூட வெயிலில் உலர்த்தி, புடைத்து, கோழிகளுக்குப் போட்டார். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் மனைவி ஆசையாக வளர்த்த வாத்துகளுக்கும் போட்டார். சில நாளில் வாத்துகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

கால்நடை மருத்துவர் செத்த வாத்தை அறுத்து, வெளிறி வீங்கிய ஈரலைக் காட்டினார்.

"வெயில்ல பூஞ்சை காயும், விஷம் போகாதுங்க. ஈரல் அந்த விஷத்தை முதல்ல இன்னும் பொல்லாததா மாத்திடும். அப்புறம்தான் அதைக் கட்டி வெளியே தள்ளப் பார்க்கும். அந்த ரெண்டாவது வேலை கோழிக்கு ஓரளவு வரும், வாத்துக்கு வராது."

"அப்போ கோழிங்க தப்பிச்சிடுச்சா டாக்டர்?"

"அதுங்க ஈரலும் அடி வாங்கிட்டுதான் இருக்கு."

"மிச்ச வாத்தாவது பிழைக்குமா?" என்றாள் மனைவி.

"இன்னைக்கே தீனிய மாத்துங்க, பார்க்கலாம்."

பண்ணைக்காரர் குழி வெட்டி, சோள மூட்டைகளை உள்ளே தள்ளினார். கடைசி மூட்டையை மட்டும் காலால் மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

"கோழிக்குக் கொஞ்சமா..." என்று இழுத்தார்.

"உங்க ஈரலுக்கு வேணும்னா வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு, அதையும் அவளே குழிக்குள் உருட்டினாள்.