கதவு ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு

என் வேனின் முன்கதவுகள் இரண்டிலும் இருந்தவை கம்பெனியிலேயே பூட்டி வந்த ஸ்பீக்கர்கள். உள்ளே வெறும் காகிதம். எங்கள் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மழைக்கும் பனிக்கும் அது எத்தனை வருடம் தாங்கும்? நமத்த அப்பளமாகிவிட்டது. பாட்டுப் போட்டால் கரகர. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி பேசினாலும் கரகர என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவள் அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. அணைக்கட்டு வளைவுக்கு வந்தால்தான் அவள் அனுப்பிய குரல் செய்திகள் போனில் வந்து விழும். போனின் சொந்த ஸ்பீக்கர் மழையில் நனைந்து செத்துப்போனதால் எல்லாவற்றையும் வேன் செட்டில்தான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டனுக்கு ஏற்றிப்போகும் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்து கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சேதியை ஒருவர் மட்டும் கேட்டு வைத்துக்கொள்வது எங்கள் லயத்தில் வழக்கமில்லை. அவளும் அது தெரிந்து ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் நான் நல்லாத்தான் இருக்கேன் என்று முடிப்பாள்.

அந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, ஊருக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாள். கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை போடவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நன்றாக இருப்பதாக அவளே சொல்கிறாள், அப்புறம் எனக்கென்ன? பதில் சொல்லவேண்டிய அந்த வாரத்தில்தான் ஸ்பீக்கர் மாற்றும் கிறுக்கும் பிடித்தது.

சனிக்கிழமை ஹட்டனில் வண்டிகளுக்குப் பாட்டு செட் பூட்டும் சிங்கள அண்ணனிடம் வண்டியை விட்டேன். புதியது அளவில் கொஞ்சம் பெரிது. பலகையில் வளையம் வெட்டி இடையில் வைத்து, ஈரம் ஏறாமல் கதவுக்குள் இருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டி, திருகாணிகளை நிதானமாக முறுக்கினார். நல்ல கைக்காரர். பாட்டுப் போட்டபோது தபேலாவில் விரல் படுவதுகூடக் கேட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் பெண்களை ஏற்றிப்போகும் வழியில் வளைவில் நிறுத்தி, இப்போது கேளுங்கள் என்று பெருமையாக அவளுடைய செய்தியைப் போட்டேன். அதே கரகரப்பு. முன்னைவிடத் தெளிவாக.

ஹட்டன் வந்ததும் நேராகக் கடை வாசலில் போய் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முக்கால்வாசி வசவுதான். அத்தனையையும் செலவழித்தேன். அந்த மனிதர் வேனுக்குள் எட்டி ஒரு பாட்டைப் போட்டார். சுத்தமாகக் கேட்டது. என் மனைவியின் செய்தியைப் போட்டேன். கரகர. மறுபடி பாட்டு. சுத்தம். பிறகு என்னைப் பார்த்தார்.

மற்றப் பெண்கள் சாமான் வாங்க இறங்கிப் போய்விட்டார்கள். முன் சீட்டில் இருந்த அக்கா மட்டும் இறங்கவில்லை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவர். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

"ஸ்பீக்கர்ல ஒன்னுமில்ல தம்பி. அந்தப் புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. எங்க புள்ளைங்களுக்கு இழுக்கிறப்பவும் இப்படித்தான் கேக்கும்."

பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றிலும், நல்லாத்தான் இருக்கேன் என்பதற்கு முன்னால் அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். சித்திரைப் பிறப்புக்கு வாழ்த்துச் சொன்னதில்தான் குரல் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம், ஸ்பீக்கர் சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். அசிங்கமாக இருந்தது. அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்பது ஞாபகமில்லை. என் குணத்துக்குக் கேட்டிருக்க மாட்டேன்.

வேனைவிட்டு இறங்கி நின்று, கையெழுத்துப் போடாதே, வந்துவிடு என்று மட்டும் பேசி அனுப்பினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அக்காவும் சாமான் வாங்க இறங்கிப் போனார். எல்லாரும் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, அதை நான் மட்டும் கேட்டேன். அவள் யாரையும் விசாரிக்கவில்லை. நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்லவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"யாருங்க சொன்னா ஒங்களுக்கு?"