பேர் போன வீடியோ

எங்கள் அலெக்சாந்திரியாவில் கல்யாணத்துக்கு ஃபரஹ் என்று பெயர். என் மகளுக்கும் ஃபரஹ் என்றே பெயர் வைத்தேன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தப் புத்தி வந்திருக்கக் கூடாது. டிஸ்க் நிறைந்துவிட்டதென்று ஒருநாள் பழைய ஃபரஹ்களை வரிசையாக அழித்தேன். வெறும் 'ஃபரஹ்' என்று பெயரிட்டிருந்த மகளின் ஃபோல்டரும் கூடவே போயிற்று. அது தெரியாமல் புதுக் கல்யாணம் ஒன்றையும் அந்த டிஸ்கில் கொட்டினேன்.

ஒரே ஒரு வீடியோவுக்காகத்தான் வயிறு எரிந்தது. ஃபரஹ் காது கேளாமல் பிறந்தவள். மூன்று வயதில் கருவி பொருத்தினார்கள். அது வேலை செய்யத் தொடங்கிய நாளில் என் மனைவி ஸுஹைர் பெயர் சொல்லிக் கூப்பிட, குழந்தை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தது. அதற்கு வேறு பிரதி இல்லை. நான் அப்படியொரு சோம்பேறி.

மன்ஷியா பகுதியில் இருக்கும் இன்ஷிராஹ் அக்காவின் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினேன். அக்கா ஒரு கட்டடக் காவலாளியின் மகள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையில் வளர்ந்தவர். எட்டு மாடியிலும் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தபால்காரரே அவரிடம்தான் கேட்பாராம். பிறகு கணினி படித்தார். டிஸ்கும் ஒரு கட்டடம்தான் என்பார்.

"காவலாளி நோட்டுல பேரை அடிச்சிட்டே, அவ்வளவுதான். ஆளுங்க வீட்டுக்குள்ளயேதான் இருக்காங்க, தம்பி."

"அப்ப கிடைச்சிடுமா, அக்கா?"

"காலி வீடுன்னு நெனச்சு வேற யாரையாவது குடி வச்சியா?"

தலையைச் சொறிந்தேன்.

"வச்சிட்டே! அதுவும் ஆட்டம் போடுற கும்பலா பார்த்து வச்சிருப்பே!"

திட்டிக்கொண்டேதான் டிஸ்கை வாங்கினார். ஒரு வீடியோ முழுவதும் ஒரே இடத்தில் இருக்காதாம். பாதி இரண்டாம் மாடியில், மீதி ஏழாம் மாடியில் என்று இடம் கிடைத்தபடி பிரிந்து கிடக்குமாம். எது எங்கே என்று சொல்ல நோட்டு இல்லை. மூன்று நாள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, சிதறியவற்றை ஒன்றுசேர்த்தார்.

நான்காம் நாள் ஃபரஹையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, வாய் நீளம். உள்ளே வராமல் வாசலில் பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

"இருநூத்திப் பத்து கிடைச்சுது. ரெண்டு பிறந்தநாள் போயே போச்சு, அதுமேல உன் கும்பல் ஆடிட்டிருக்கு. எதுக்கும் பேர் இல்ல, வெறும் நம்பர்தான். உன்னுது எதுன்னு நீயே பாரு," என்றார் அக்கா.

ஒவ்வொன்றாகத் திறந்தார். மாப்பிள்ளை, கேக், மத்தளம், மறுபடி மாப்பிள்ளை. நூற்று நாற்பதைத் தாண்டியதும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அடுத்ததில் படமே வரவில்லை, திரை கறுப்பாக இருந்தது. சத்தம் மட்டும் வந்தது.

"ஃபரஹ்!"

ஸுஹைரின் குரல்.

"என்னம்மா?" என்று வாசலில் இருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான் படமும் வந்தது. அதில் மூன்று வயது ஃபரஹ் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். இன்றும் தொழுகை முடிந்து கையேந்தும்போது, என் வீட்டார் பெயர்களோடு அக்காவின் பெயரையும் சொல்கிறேன். அந்த நன்றிக்கடன் எனக்குத் தீராது.

அன்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"பேர் வை, தம்பி. இந்தத் தடவை அப்பன் பேரையும் சேர்த்து வை."