கண்டாக்கையா தரச்சான்று வாங்கிய கதை

ஆண்டியப்பன் முப்பத்திரண்டு வருடம் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கண்டாக்காக இருந்தவர். கொழுந்தெடுப்பவர்களில் யார் எந்த நிரையில் நிற்பது, யாருக்கு அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், யாருக்கு அரைப்பேர் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே ஹட்டனில் ஒரு சிறிய தொழிற்பயிற்சிக் கல்லூரியில் நிர்வாக உத்தியோகத்தராகச் சேர்ந்துவிட்டார். நான் ஆறு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு 2006இல் திரும்பி, அங்கே ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் தோட்டத்தைப் போலவே காலை ஏழரைக்குப் பெரட்டு நடக்கும். மாணவர்கள் முற்றத்தில் வரிசையாக நிற்க, ஆண்டியப்பன் பேர் கூப்பிடுவார். பிந்தி வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். எல்லோரும் அவரைக் கண்டாக்கையா என்றே அழைத்தார்கள். அதிபர் கனகலிங்கம் மட்டும் யாழ்ப்பாண முறையில் ‘ஐயா’ என்பார்.

மின்னிணைப்புப் பாடநெறியில் நாற்பத்தொரு பேர் படித்தார்கள். நாற்பத்தொரு பேரையும் தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கிச் சேர்த்தவர் கண்டாக்கையாதான். “படிப்பு முடிஞ்சா அரசாங்க மட்டத்துச் சான்றிதழ். அதுக்கு நான் பொறுப்பு” என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லியிருந்தார். சொன்னபோது அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. கல்லூரியைப் பதிவு செய்வது வேறு, பாடநெறிக்குத் தரச்சான்று வாங்குவது வேறு. தரச்சான்று இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கல்லூரி தானே அச்சடித்த காகிதம். அதைச் சுவரில் மாட்டலாம், வேலைக்குக் காட்ட முடியாது.

தரச்சான்றுக்கு முதலில் கல்லூரி தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மாணவருக்கு எத்தனை கருவி, ஆசிரியரின் தகைமை என்ன, குறைகள் எவை, அவற்றை எப்படித் திருத்தப் போகிறோம் என்று பல கேள்விகள். பிறகு கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்து, எழுதியது உண்மையா என்று பார்ப்பார்கள். கண்டாக்கையா இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினார். குறைகள் என்ற பகுதியில் ‘இல்லை’ என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தார்.

“என்ன ஐயா, ஒரு குறையும் இல்லையெண்டு எழுதியிருக்கிறியள்? கேம்பிரிட்ஜிலயும் நாலைஞ்சு குறை இருக்குமே” என்றார் அதிபர்.

“வி.ஏ. தொரை தோட்டம் பாக்க வந்தா, இந்தா இங்க ஓட்ட, அங்க ஓட்டன்னா காட்டுவோம், சேர்? ரோட்டோரமா நல்ல தேயில மலையா ஒண்ணக் காட்டுவோம். பாத்துட்டுப் போயிருவாரு.”

“இவை ரோட்டோரமாப் போறவை இல்லை ஐயா.”

கண்டாக்கையா சிரித்தார். முப்பத்திரண்டு வருடத்தில், தோட்டத்தைச் சோதிக்க வரும் எத்தனை வி.ஏ.யைப் பார்த்திருப்பார்.

மதிப்பீட்டு நாளன்று பெரட்டில் அவர் மாணவர்களைப் பிரித்தார். கெட்டிக்காரர் பதினான்கு பேர் முன் வகுப்பறைக்கு. மீதி இருபத்தேழு பேர், அதாவது கணக்கில் தடுமாறுகிறவர்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்களும், காவலாளி செல்லசாமியோடு வட்டகொடைக் கோயிலுக்குத் திருவிழா விளக்குக் கட்ட. இரண்டாவது வகையில் முதல் ஆள் இருபத்துமூன்றாம் இலக்கம், சுதர்ஷினி.

“எங்கள எதுக்கு கண்டாக்கையா ஒளிச்சு வைக்கிறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ஒளிக்கலம்மா. கோயில் வேல.”

“திருவிழா இன்னும் பதினொரு நாள் இருக்கு.”

“இந்த வாய்க்குத்தான் உன்ன அனுப்புறேன். போ.”

மதிப்பீட்டுக் குழுவின் தலைவி ஜயசுந்தர அம்மையார், மெலிந்த, அமைதியான பெண். கழுவிய முற்றத்தையோ சுண்ணாம்பு பூசிய கல் வரிசையையோ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வரவுப் பதிவேட்டைக் கேட்டார். அன்றைய பக்கத்தில் நாற்பத்தொரு பேரும் வரவு. வகுப்பறையை எட்டிப் பார்த்தார். தலைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

மற்றவர்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். கண்டாக்கையாவின் சிங்களம் சரளமானது. பதற்றமே இல்லாமல் விளக்கினார். தோட்டத்தில் துரை ஓர் ஆளை வேறு வேலைக்கு அனுப்பினால், அவர் மலையில் இல்லாவிட்டாலும் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் அவருக்குப் பேர் விழும். அனுப்பியவர்தானே பொறுப்பு, ஆளின் பேரை வெட்டினால் அநியாயமில்லையா? ஆகவே இருபத்தேழு பேருக்கும் பேர் போட்டாகிவிட்டது.

அம்மையார் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பதிவேட்டிலிருந்து தன் பாட்டில் ஐந்து இலக்கங்களைக் குறித்தார். இவர்களோடு பேச வேண்டும் என்றார். ஐவரில் நான்கு பேர் வட்டகொடையில் இருந்தார்கள்.

“அப்ப போவோம்” என்று தமிழில் சொல்லிவிட்டுத் தான் வந்த வான் வண்டியில் ஏறினார். அதிபரும் கண்டாக்கையாவும் நானும் பின்னால் ஏறினோம். வழி நெடுக அதிபர் ஒரே ஒரு வசனம்தான் பேசினார்.

“ரோட்டோரம் எண்டீங்கள்.”

கோயிலில் சுதர்ஷினி ஏணியின் உச்சியில் நின்றாள். செல்லசாமியைக் காணவில்லை.

“இங்க யார் பொறுப்பு?” என்று அம்மையார் கேட்டார்.

“செல்லசாமி அண்ணன், மேடம். தேத்தண்ணி குடிக்கப் போயிருக்காரு.”

“கரண்ட் நிப்பாட்டியா?”

சுதர்ஷினி இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபியூசை எடுத்துக் காட்டினாள். “கழட்டி நானே வச்சிருக்கேன். வேற யாராச்சும் தெரியாம போட்டுட்டா, மேல நிக்கிறது நாந்தானே.”

“அது யார் சொல்லிக் குடுத்தது?”

“வயரிங் சொல்லித்தர்ற றமணன் சேர். எங்களுக்கு டெஸ்டர் மூணுதான் இருக்கு, மேடம். நாப்பத்தொரு பேருக்கு மூணு. அதுல ஒண்ணு எப்பவும் எரியும். அதனால டெஸ்டர நம்பாம ஃபியூச நம்புங்கன்னு சேர் சொல்லுவாரு.”

கண்டாக்கையா கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் நிறைய எழுதினார்.

முடிவு பத்து நாளில் வந்தது. தரச்சான்று கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆறு குறைகளைச் சொல்லி, திருத்த மூன்று மாத அவகாசம் தந்திருந்தார்கள். ‘மாணவர்களின் பாதுகாப்புப் பழக்கம் நன்று’ என்று ஒரு வரியும் இருந்தது. முதலாவது குறை, வரவுப் பதிவேடு உண்மையைக் காட்டவில்லை. ஆறாவது, மாணவரோ பெற்றோரோ முறையிடப் புத்தகம் இல்லை. ஒவ்வொரு குறைக்கும் ஒரு படிவம். காரணம் என்ன, பொறுப்பாளி யார், எந்தத் தேதிக்குள் திருத்தப்படும்.

பொறுப்பாளி என்ற இடம் கண்டாக்கையாவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. தோட்டத்தில் பழி துரையிடமிருந்து கண்டாக்குக்கும் கண்டாக்கிடமிருந்து கங்காணிக்கும் இறங்கிப் போகும். இங்கே அவருக்குக் கீழே செல்லசாமி மட்டும்தான்.

“நான் கையெழுத்துப் போடமாட்டேங்க” என்றார் செல்லசாமி. “தேத்தண்ணி குடிச்சது நான். அதுக்கு வேணும்னா தனி ஃபாரம் குடுங்க.”

மூன்றாம் நாள் கண்டாக்கையா தன் பெயரையே எழுதினார். பிறகு புதிய முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, சான்றிதழ் மூன்று மாதம் பிந்தும் என்று சொல்ல நாற்பத்தொரு வீட்டுக்கும் நடந்தார். பாதி வீடுகளுக்கு நானும் போனேன். சில வீட்டில் திட்டினார்கள். சில வீட்டில் பிளேன்டீ கொடுத்துத் திட்டினார்கள். சுதர்ஷினியின் தாய் வீரம்மா வாசலில் நின்றே கேட்டார்.

“மூணு மாசம்னு தேதி போட்டுச் சொல்றீங்க. நெசமாவே கண்டாக்கையாதானா வந்திருக்கிறது?”

“மொறப்பாடு இருந்தா சொல்லும்மா. எழுதிக்கிறேன்.”

“எழுதுங்க. எம்பத்தெட்டாம் வருசம் ஆடி மாசம். மழ. கைப்பிள்ளைக்குக் காச்ச. அஞ்சு நிமிசம் பிந்திப் போனேன். பெரட்டுலயே வச்சுத் திருப்பி அனுப்பிட்டீங்க.”

“அது காலேஜ் சம்பந்தப்பட்டதில்லயே.”

“நீங்க சம்பந்தப்பட்டதுதானே. அந்தக் கைப்பிள்ளதான் ஒங்க காலேஜ்ல படிக்குது.”

கண்டாக்கையா என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் எழுதினார். பொறுப்பாளி: ஆண்டியப்பன்.

மூன்று மாதத்தில் டெஸ்டர் இருபதாயிற்று. அம்மையார் மறுபடி வந்த நாளில் வரவு முப்பத்தெட்டு, வராதவர் மூவர். மூவருக்கும் காரணம் எழுதியிருந்தது. முறைப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியவர் வீரம்மாவின் பக்கத்தில் நின்றார். தமிழ் பேசினாலும் வாசிக்கத் தெரியாததால், அதிபரை வாசித்து மொழிபெயர்க்கச் சொல்லி, இரண்டு தரம் கேட்டார். பிறகு எல்லாப் படிவத்திலும் கையெழுத்திட்டார்.

தரச்சான்று வந்த அன்று கண்டாக்கையா கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் வீரம்மா வீட்டுக்குத்தான் போனார். வீரம்மா முத்திரையைத் தடவிப் பார்த்தார், மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“பிள்ளைகளோடது சரி. என்னோடத என்ன செஞ்சீங்க?”

“அது நடவடிக்கையில இருக்கும்மா.”

“தேதி?”

கண்டாக்கையா சுற்றுமுற்றும் பார்த்தார். செல்லசாமி கூட வரவில்லை. கல் படியில் உட்கார்ந்து, தலையைச் சொறிந்துகொண்டு, “இன்னைக்கே வச்சுக்குவோமே” என்றார். “அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான், வீரம்மா.”

“ம்,” என்றார் வீரம்மா. “எழுதிக்குங்க.”