யாருக்கும் பசிக்காத படம்

மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் கண்ணாடி கறுத்துப் போகும். அதில் முகம் பார்த்து உதட்டுச் சாயம் பூசுகிறாள் தொமாசா. வண்டி குலுங்கினால் கை தானாக விலகுகிறது. நிதானித்தால் மறுபடி உதட்டுக்கு வருகிறது. வாரத்தில் ஆறு நாள் போர்த்தாலெஸ் சந்தையில் கோழி வெட்டுகிற கை அது. கோழிக்கடையில் சாயம் எதற்கு? ஞாயிற்றுக்கிழமைக்குத்தான், அதுவும் மியூசியத்துக்குத்தான். பூசி முடித்ததும் எதிர் சீட்டுப் பெண்ணிடம் பல்லைக் காட்டி, "பல்லுல ஒட்டிருக்கா, பாரும்மா?" என்று கேட்டுக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ நகரத்து மியூசியங்களில் நம்மவர்களுக்கு டிக்கெட் வேண்டாம், இலவசம். அதே ஞாயிற்றுக்கிழமை நம் வீடுகளில் அடுப்பும் அணையக் கூடாது. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், ஞானஸ்நானத்து உறவுகள் எல்லாம் கும்பலாக வந்து இறங்கி, பொழுது சாயும்வரை தின்றுகொண்டே இருப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுப்படியில் வெந்த தொமாசா, போன வருஷம் ஈஸ்டர் கழிந்த ஒரு ஞாயிறு, கரண்டியை வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"எங்கடி?" என்றான் புருஷன் நிக்கானோர்.

"மியூசியத்துக்கு."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. அதான் போறேன்."

நாத்தனார் பெத்ராவின் வாய் சும்மா இருக்குமா? கிழவிக்கு எவனோ சிக்கியிருக்கிறான் என்று சந்தை முழுக்கப் பரப்பிவிட்டாள். சேதி கோழிக்கடைக்கும் வந்தது. தொமாசா கத்தியை நிறுத்தவே இல்லை. "சிக்கட்டுமே! அவனுக்காவது சமைக்கத் தெரியுதான்னு பாக்குறேன்" என்றாள். வாடிக்கைக்காரிகள் சிரித்த சிரிப்பில் பெத்ரா கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அலமேதா பூங்காவைச் சுற்றி இருப்பவை, சாபுல்தெபெக் காட்டுக்குள் இருப்பவை, பணக்காரர்கள் கட்டிவிட்டுப் போனவை என்று வாரம் ஒன்றாகப் போகிறாள். "ஊர்ல மியூசியம் தீர்றதுக்குள்ள நான் தீர்ந்துருவேன்" என்பாள், பெருமையாக. மற்றவர்களைப் போலக் கைகட்டி நடந்து பார்க்கத் தெரியாது அவளுக்கு. படத்தோடு சண்டை போடுவாள். பழைய கன்னிமாடத்து மியூசியத்தில் மாதாவின் மடியில் குழந்தை இயேசுவைப் பார்த்து, "இந்தப் புள்ள எந்தப் படத்துலயும் பால் குடிச்சு முடிக்க மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொண்டாள். கை நீட்டி நிற்கும் புனிதரைப் பார்த்தால், "என் ரெண்டாவது மகன் மாதிரியே இருக்காரு." அரண்மனைச் சுவர் முழுக்கப் பசித்த குடியானவர்கள் திரண்டு வரும் ஓவியத்தின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டாள்: "இத்தனை பேருக்கும் யாரு தோர்த்தியா ரொட்டி தட்டுறது?" ஒரு படத்தில் மேசை நிறையப் பழமும் மீனும் வாத்தும் இருந்தன. "எல்லாத்தையும் வரைஞ்சான் பாவி, இதைக் கழுவப்போறவளை விட்டுட்டான்."

காட்டுக்குள் இருக்கிற நவீன ஓவியக்கூடத்துக்குப் போன நாள்தான் அவள் வாயடைத்துப் போனாள். பெரிய வெள்ளைக் கூடம். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் படம். மஞ்சள் நிறத்தைத் தவிர அதில் எதுவுமில்லை. போகிறவர்கள் எல்லாம், இதை என் பையனே வரைந்துவிடுவான் என்று நக்கலடித்துவிட்டுப் போனார்கள். தொமாசா மட்டும் அதன் எதிரே கல் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காவலாளி ரொசெந்தோ பக்கத்தில் வந்து, "புரியுதாம்மா?" என்று குசும்பாகக் கேட்டான்.

"புரியாம என்ன தம்பி? இதுல யாருக்கும் பசிக்கல."

அன்றிலிருந்து எந்த மியூசியத்துக்குப் போனாலும் மத்தியானத்துக்கு இங்கே வந்து சேர்ந்துவிடுவாள்; வீட்டிலும் அது தெரியும்.

போன ஞாயிறு நிக்கானோரின் பிறந்தநாள். முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை வெச்சுக்க. மோலே குழம்பு வெச்சு வயிறு வெடிக்கப் போடுறேன். ஞாயிறு என்னுது." அவன் வீம்புக்கென்றே ஞாயிற்றுக்கிழமைக்கு ஊரைக் கூப்பிட்டான். ஆட்கள் வாசலில் வந்து நின்றால் எங்கே போவாள் என்று கணக்கு. அவள் போய்விட்டாள்.

மத்தியானம் அந்த வெள்ளைக் கூடத்துக்குள் பிறந்தநாள் தொப்பியோடு நிக்கானோர் நுழைந்தான், பின்னால் மூத்தமகன் ஃபெர்மின். பழக்கதோஷம், புருஷனைக் கண்டதும் தொமாசா எழுந்துவிட்டாள்.

"வீடு நெறைய ஆளுங்க காத்துக் கெடக்காங்க! வான்கோழி அப்படியே கெடக்கு! மானம் போகுதுடி!"

"யாரு மானம்?"

"நம்ம மானம்!"

"அதுல என் பங்கையும் நீயே வெச்சுக்கய்யா."

"அம்மா," என்று குழைந்தான் ஃபெர்மின், "ஒரு நாள்தானேம்மா?"

"ஆமாடா. நானும் ஒரு நாள்தான் கேட்டேன்."

கூடத்தில் இருந்தவர்கள் படத்தை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். தொமாசாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்றைக்குக் கிளம்பினால் அடுத்த ஞாயிறும் போச்சு, அதற்கடுத்ததும் போச்சு. அது அவளுக்குத் தெரியும். நிக்கானோருக்கும் தெரியும், அதற்காகத்தான் பிறந்தநாளும் அதுவுமாக மெட்ரோ ஏறி வந்திருக்கிறான்.

அவன் கோட்டுக்குள் கையை விட்டு, அவளுடைய சமையல் ஏப்ரனை உருவினான். எண்ணெய்க் கறையோடு அதை எல்லோர் முன்னாலும் நீட்டினான்.

"இந்தா. இங்கயே கட்டு. கட்டிக்கிட்டு நட."

தொமாசா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அப்பாடா!" என்றான் ஃபெர்மின். நிக்கானோர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினான். அவள் ஏப்ரனை ஒருமுறை உதறினாள். இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். கல் பெஞ்சின் சில்லிப்பு உறைக்காதபடி அதைப் பெஞ்சில் போட்டு, மேலே நன்றாக அழுத்தி உட்கார்ந்து, மஞ்சளைப் பார்த்தாள்.