பிச்சாவரத்துச் சேறு

அறுபதுகளின் நடுவில், கடலூர் முதுநகரில் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. பக்கத்து மேஜையில் டைப் அடித்தவன் என் சிநேகிதன். என் வீட்டுக் கேரியர் சாப்பாட்டை இரண்டு பேரும் பாதிப் பாதி சாப்பிடுவோம். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவன் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆபீஸில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் போச்சு, ஏனென்றால் அவன் குடியிருந்தது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் ஹெட் கிளார்க் வீட்டுப் பின்கட்டில். கவிச்சி வாடை அடித்தாலே தலைமுழுகுகிற வீடு. "நம்ம குறிஞ்சிப்பாடிப் பக்கம் சார், பரம்பரையா வெவசாயம், சுத்த சைவம், எங்களுக்கு ஒறவுமுறை" என்று கூசாமல் புளுகி அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான். நான் சொல்லவருகிற நாளில், அங்கே அவன் மனைவி பிள்ளை பெற்று இருபது நாள்கூட ஆகவில்லை.

ஹெட் கிளார்க் பியூனைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். மேனேஜர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட மனிதர்களோடு வேலை செய்வதில் எனக்குப் பெருமைகூட உண்டு. மடையன்.

அந்த வருஷம் கம்பெனி எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனது. காலையில் கோயில், பிறகு புளியோதரைப் பொட்டலம், அதற்குப் பிறகு பிச்சாவரம். எட்டுப் பேர் ஒரே படகில் ஏறினோம். தில்லை மரத்தைத் தொடாதீர்கள், பால் பட்டால் கொப்பளித்துவிடும் என்று படகுக்காரர் எச்சரித்தார். மேனேஜர் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் அவருக்குக் கடல் சேருமிடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. தண்ணீர் வடிகிற நேரம், இப்போது போகக்கூடாது என்றார் படகுக்காரர். மேனேஜர் அவரை நாயே என்று திட்டினார். அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஹெட் கிளார்க் அதற்குச் சிரித்தார்.

சிநேகிதன் என் தொடையைக் கிள்ளி, "படகைத் திருப்பச் சொல்லு மச்சான், தண்ணி கடலுக்கு இழுத்துடும்" என்று காதில் சொன்னான். அவன் வாயைத் திறந்தால், விவசாயிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். நான் சொல்லியிருக்கலாம். மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

முகத்துவாரத்துக்கு முன்னாலேயே படகு மணல்திட்டில் குறுக்காக ஏறி நின்றது. வடிகிற தண்ணீர் ஒரு பக்கமாக வந்து முட்டியது. படகுக்காரர் ஊன்றிய கழி முறிந்தது. மேனேஜர் பயத்தில் எழுந்து நின்றார். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஏதாச்சும் பண்ணுடா" என்று அழுதேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் சட்டையைக் கழற்றிப் போட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு குதித்தான். "ஒக்காரு, அசையாத" என்று மேனேஜரைப் பார்த்துக் கத்தினான். அவர் உட்கார்ந்தார். அவனும் படகுக்காரரும் ஏலேலோ போட்டுத் தோள் கொடுத்து, கால் மணி நேரத்தில் படகை ஆழத்துக்குத் திருப்பிவிட்டார்கள்.

கரையில் முழங்கால் சேற்றில் இறங்கி ஏறினோம். படகுக்காரர் அவன் முதுகில் தட்டி, "எந்தக் குப்பத்துப் புள்ளப்பா நீ?" என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, "தேவனாம்பட்டணம்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதற்குள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

ஹெட் கிளார்க் என் பக்கம் திரும்பினார். "ஒறவுன்னு சொன்னீங்களே?"

"என்கிட்டயும் வெவசாயம்னுதான் சார் சொன்னான்" என்றேன். "ஏமாந்துட்டேன்."

அவன் எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. படகுக்காரர் வீட்டிலிருந்து குடம் வந்தது. ஹெட் கிளார்க் அவனைப் பார்த்து, "நீதான் நனைஞ்சிட்டியே, எல்லாருக்கும் காலுக்குத் தண்ணி ஊத்து" என்றார். காலைவரை அவனை நீங்க என்றவர். அவன் குடத்தை எடுத்தான். முதலில் மேனேஜர். உட்காரச் சொன்னதை அவர் மறக்கவில்லை, விரலிடுக்கைத் தேய்த்துவிடச் சொன்னார். அவன் குனிந்து தேய்த்தான். அடுத்து ஹெட் கிளார்க். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, நாளைக்கே பின்கட்டைக் காலி செய்யவேண்டும் என்றார். பச்சை உடம்புக்காரி சார் என்று அவன் சொன்னதற்கு, குப்பத்தில் யாரும் பிள்ளை பெறுவதில்லையா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசியில் என் முறை வந்தது. குடத்தை நானே வாங்கிக்கொண்டிருக்கலாம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலை நீட்டினேன்.

ஊற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"போதுங்களா சார்?" என்றான்.

"குதிகால்ல இன்னும் சேறு இருக்கு, ஊத்து" என்றேன்.