பத்து நாள் விதியும் வெள்ளிக்கிழமையும்

பையின் பின்பக்கத்தில் விதி தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. பழைய உணவோடு புதியதைக் கலக்க வேண்டும். நாளுக்கு நாள் புதியதைக் கூட்டிப் பழையதைக் குறைக்க வேண்டும். பத்து நாட்களில், இடையில் நிறுத்தாமல், மாற்றத்தை முடிக்க வேண்டும். அதை எழுதியவர் யாரோ, அவரை நான் மதித்தேன். திணைக்களம் ஒன்றில் நியமனம், லீவு, பென்ஷன் பார்க்கிற தாபனக் கிளையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு ஒழுங்கான சுற்றறிக்கையை அங்கே நான் கண்டதில்லை. பூனைச் சாப்பாட்டுப் பையில் கண்டேன். ஒரே ஒரு குறை: இடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு பூனைகள். பெட்டைக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. கிழவனுக்குத்தான் சிறுநீர் அடைத்துக்கொண்டது. பாமன்கடை மிருக வைத்தியர் குழாய் போட்டு எடுத்துவிட்டு, நாங்கள் இவ்வளவு காலமும் என்ன கொடுத்தோம் என்று கேட்டார். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருகிற சிவப்பு, பச்சை நட்சத்திரங்கள் என்றேன். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

“அது சோளமும் சாயமும் அங்கிள். நல்லதுக்கு மாத்துங்க. கிழவன் பிடிவாதக்காரன், திடீரென்று மாத்தினால் பட்டினி கிடப்பான், மெல்ல மெல்ல மாத்துங்க. இன்னொரு தரம் அடைத்தால் நான் ஒன்றும் உறுதி சொல்ல மாட்டேன்” என்று சிங்களத்தில் சொன்னார்.

அதனால் நல்லது வாங்கினோம். பையில் பெரிய மீன் படம். திறந்ததும் வீடு முழுக்க மீன் மணம். பெட்டை அன்று மத்தியானமே பையின் மூலையைக் கடித்துக் கிழித்து, எந்தப் படிமுறையும் இல்லாமல், வயிறு முட்டத் தின்றுவிட்டு ஜன்னலில் படுத்துக்கொண்டது. விதிகளைப் படிக்காதவர்கள் எப்போதும் அப்படித்தான் முன்னேறுகிறார்கள்.

கிழவனுக்கு நான் ஒரு ஃபைல் திறந்தேன். நாள், அளவு, மிச்சம், குறிப்பு என்று நான்கு நிரல்கள். சனிக்கிழமை தொடங்கினேன். வியாழக்கிழமை வரை, ஆறு நாள், மிகவும் திருப்தி. ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு அந்தப் பையைத் திறக்கக் கூடாது” என்றாள் மனைவி.

“ஏன்?”

“வெள்ளிக்கிழமை இந்த வீட்டிலை மீன் மணந்தது எப்பவாவது உண்டே?”

“அவன் பூனையப்பா. அவன் விரதம் பிடிக்கிறானே?”

“பூனை பிடிக்கத் தேவையில்லை. வீடு பிடிக்குது. பழைய பிஸ்கட்டைக் குடுங்கோ.”

சாக்கு நட்சத்திரங்களை அவள் பிஸ்கட் என்றுதான் சொல்வாள். சோளமும் சாயமும் என்பதால் அவை வெள்ளிக்கிழமைக்கு ஆசாரமானவை. கிழவனின் மூத்திரப் பையில் கல்லாகிற சாமான், சுவாமி அறைக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. இதில் வாதாட நான் போகவில்லை. கலியாணம் கட்டி நாற்பது வருடம்.

ஆனால் என் பக்கத்திலும் ஒரு ஆசாரம் இருந்தது. தகுதிகாண் காலத்தில் சேவை முறிந்தால், முதலாம் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். அப்படி எண்ணியே எத்தனையோ எழுதுவினைஞர்களின் நிரந்தர நியமனத்தைப் பிந்த வைத்திருக்கிறேன். பூனை என்பதற்காகச் சலுகை காட்ட முடியுமா? சனிக்கிழமை மறுபடி முதலாம் நாள். அடுத்த வெள்ளி, மறுபடி முறிவு. ஏழு நாளுக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வருகிற நாட்டில் பத்து நாளைத் தொடர்ச்சியாக முடிக்க முடியாது என்பது இரண்டாம் கிழமையே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியபிறகு ஒரு நல்ல உத்தியோகத்தன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். இறக்குமதி செய்த கம்பனிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, மதத் தேவையால் ஏற்படும் ஒரு நாள் இடைவெளி முறிவாகக் கணிக்கப்படுமா என்று விளக்கம் கேட்டேன். பதில் வரும்வரை நடைமுறையில் மாற்றமில்லை.

பதில் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். நான்காம் கிழமை, ஒரு புதன்கிழமைக் காலை, கிழவன் மண் தட்டில் போய்க் குந்தினான். எழும்பினான். மறுபடி குந்தினான். ஒரு சொட்டும் இல்லை. அடிவயிற்றைத் தொட்டபோது முனகினான். மனைவி அவனைத் துவாயில் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமலே மாடிப்படி இறங்கினாள். த்ரீவீல் பிடித்துப் பாமன்கடைக்குப் போனோம்.

வைத்தியர் மறுபடி குழாய் போட்டார். நேரத்தோடு வந்ததால் தப்பினான் என்றார். நான் ஃபைலைக் கொடுத்தேன். புரட்டினார். முதலாம் நாள், முதலாம் நாள், முதலாம் நாள்.

“அங்கிள், பூனைக்கு இதெல்லாம் தெரியுமா?” என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்கே ஆச்சரியமாக, தன் கால்களைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது மாடிப்படியில் முதலாம் மாடிப் பெண் நின்றாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண், துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் விதவை. துவாயைக் கண்டதும் விஷயத்தைக் கேட்டாள். மனைவி சொன்னாள், வெள்ளிக்கிழமை உட்பட.

“அட கடவுளே, இதுக்கா அக்கா இவ்வளவு பாடு? நாங்க வெள்ளிக்கிழமைதானே மீன் தின்னுறதே! இறைச்சிதான் எடுக்க மாட்டோம். வெள்ளிக்கு வெள்ளி இவனை என்கிட்ட அனுப்புங்க. பையையும் சேர்த்து. அண்ணன் வேணும்னா கையெழுத்து வாங்கிக்கிட்டுப் போகட்டும்.”

மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை; ஏனென்றால் அது பிழையில்லாத தீர்வு. உத்தியோகத்தரை வேறு அலுவலகத்துக்குத் தற்காலிகமாக இணைத்தால் சேவை முறிவதில்லை. கிழவன் வெள்ளிக்கிழமைகளில் முதலாம் மாடிக்கு இணைக்கப்பட்டான். காலையில் கூடையில் இறங்குவான். மாலையில் மனைவி வாசலில் ஈரத்துணியோடு நின்று, அவன் வாயைத் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாள். கீழே அந்தப் பெண் நிறுக்காமல் கைநிறைய அள்ளிப் போடுகிறாள் என்று சந்தேகப்பட்டேன். அளவுக் கரண்டி ஒன்று கொடுத்தனுப்பினேன். அது அவள் வீட்டுச் சீனிப் போத்தலுக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்த முறை பத்தாம் நாள் வந்தது. சாக்கு நட்சத்திரங்களில் மிஞ்சியதை மனைவியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். இரண்டு மாதம் கழித்துச் சிறுநீரைச் சோதித்த வைத்தியர் ஒன்றுமில்லை என்றார். “ஃபைலை மூடலாம்” என்றும் சொன்னார். தன் அதிகாரத்துக்கு உட்படாத விஷயத்தில் கருத்துச் சொன்னார் என்று குறித்துக்கொண்டேன்.

கம்பனியின் பதிலில் இரண்டு வரிகள்தான். பத்து நாள் என்பது பொதுவான ஆலோசனை மட்டுமே. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் தொடரலாம். கையொப்பம் வாசிக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் இதை அனுப்பியிருந்தால் கிழவனுக்கு இரண்டாவது குழாய் தேவைப்பட்டிராது. யாரையும் கேட்காமல் நானே அப்படித் தொடர்ந்திருந்தாலும் தேவைப்பட்டிராது. அதை ஃபைலில் எழுத ஒரு நிரல் இருக்கவில்லை. என் முதல் கடிதம் மார்ச் நான்காம் திகதி. பதில் கிடைத்தது செப்டெம்பர் பதினேழாம் திகதி.